வாய் கட்டிப் போட்ட முடிச்சு

சாமித்தம்பி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனதோடு போன வாரம் விட்டோம். அவர் போன பிறகு மகன் யதுர்ஷன் சும்மா இருக்கவில்லை. தன் காரின் முன்னால் தாய் கட்டித் தொங்கவிட்டிருந்த எலுமிச்சங்காயையும் மிளகாயையும் அறுத்து வேலிக்கு வெளியே வீசினான்.

"இனி என்ர கார்ல ஆரும் எதையாவது கட்டினா, நான் இந்த வீட்ட விட்டே போயிருவன்" என்று கத்தினான். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவர்களில் ஒருத்தி மட்டும், சொல்லாமலே ஒரு வேலை பார்த்துவிட்டாள்.

தாய் கேதீஸ்வரிக்கு அந்தக் காரைக் கண்டாலே பயம். வாங்கி வந்த நாளில் அது மற்றக் கார்களின் உயரத்தில்தான் நின்றது. மகன்தான் ஸ்பிரிங்கை மாற்றி, அதை நிலத்தோடு நிலமாக இறக்கினான். எஞ்சினில் கை வைத்து வேகத்தைக் கூட்டினான். கடைசியாகக் காத்தான்குடிக்குக் கொண்டுபோய், இர்ஷாத்தின் ரயர்க் கடையில் பழைய ரயர்களைக் கழற்றிவிட்டு அகலமான நாலு ரயர் போட்டுக்கொண்டு வந்தான். "இப்பதான் இதுக்குக் கால் வந்திரிக்கு" என்று அவனுக்குச் சந்தோஷம். தாய்க்கு அது ஆளை விழுத்தக் காத்திருக்கும் சனியனாகத் தெரிந்தது.

இர்ஷாத் எதையும் மறைக்காமல்தான் சொல்லி அனுப்பியிருந்தான். "மச்சான், இது எறக்கின கார். ரயரும் அகலம். உள்பக்கம் ஒரு விரல் எடந்தான் இரிக்கி. ஆள் ஏத்தினா மட்காட் பிளாஸ்ரிக்ல உரசிச் சத்தம் வரும். பயப்படாத. ஞாயித்துக்கிழம கொண்டு வா, அத நான் வெட்டித் தாறன்."

ஒரு விரல் இடம். வாசகர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

அன்று பொழுதுபடும் நேரம் கேதீஸ்வரி, மண்டூர்க் கோவில் திருநீற்றை மஞ்சள் துணியில் இரண்டு சின்னப் பொட்டணங்களாகக் கட்டிக்கொண்டு காரடிக்குப் போனாள். மண்டூர் முருகனுக்கு வாய் கட்டித்தான் பூசை. பூசை செய்கிறவர் வெள்ளைத் துணியால் வாயை மூடிக் கட்டிக்கொண்டு, திரைக்கு அப்பால் ஒரு பேச்சில்லாமல் செய்து முடிப்பார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு, சொல்லாமல் செய்வதில் உள்ள நம்பிக்கை சொல்லிச் செய்வதில் இல்லை. அவளும் சேலைத் தலைப்பால் வாயைக் கட்டிக்கொண்டாள். பேரப்பிள்ளை சுகமாகப் பிறக்கும்வரை இதைப்பற்றி ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள்.

ரயர் மாட்டிய முன்சில்லுகள் இரண்டும் திரும்பியபடி நின்றன. சில்லுக்குப் பின்னால் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தடவினாள். இரும்பில் கட்டினால் வழுக்கிவிடும் என்று பட்டது. றப்பர்க் குழாய் ஒன்று கையில் அகப்பட்டது. அதில் இறுக்கிக் கட்டினாள். இடப்பக்கத்து முடிச்சு மகனுக்கு. வலப்பக்கத்து முடிச்சு, மகள் வதனியின் வயிற்றிலிருந்த பிள்ளைக்கு.

அந்தக் குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நமக்கு இந்த வாரம் கதை இல்லை.

*

இரவு மழைக்குள்ளும் யதுர்ஷன் ஒருதடவை காரில் கடைப்பக்கம் போய்வந்தான். விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஆனால் வெள்ளாவெளிப் பக்கத்து ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது என்று செய்தி வந்தது.

வதனிக்கு எட்டாம் மாதம். புருஷனுக்குக் கட்டாரில் வேலை. முதல் நாள் வந்த மிட்வைஃப், பிரஷர் கூடியிருக்கிறது, காலும் வீங்கியிருக்கிறது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். ரோட்டு அடைபட்டால் குருமண்வெளிக்குப் பாதையில்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்தப் பாதை நடக்கிற பாதை அல்ல. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான படகுக்குத்தான் அந்தப் பேர்.

"ஓட்டோ ஒண்டுக்குச் செல்லி அனுப்புவமா, மனே?" என்று கேதீஸ்வரி மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"ஓட்டோவில போட்டுக் குலுக்கிக் கொண்டு போகவா? அக்காவ நான் கொண்டு போறன். என்ன விடக் கவனமா ஆரு ஓட்டப் போறாங்க?"

பொய்யில்லை. தனியாகப் போனால் பறப்பவன், அக்காவை ஏற்றினால் முட்டைப் பெட்டி ஏற்றியவனாக மாறிவிடுவான். அவனுக்கு அக்கா என்றால் உயிர்.

"அப்ப நான் ஒள்ளம் சோறு கட்டிக்கொண்டு பின்னால வாறன். வாட்ல அக்காவ மறிச்சாங்க எண்டா அவளோட நான் நிக்கோணும்."

வதனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தப் பள்ளமான ஆசனத்தில் பாடுபட்டு உட்கார்ந்தாள். பின்னால் அவளுடைய பெரிய பை. கொட்டிலடியில் உழவு மெசினைக் கழுவிக்கொண்டிருந்த சாமித்தம்பி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தகப்பனும் மகனும் பேசி இரண்டு மாதம். இவர் வயலுக்கு வா என்பார், அவன் கராஜ் போடப்போகிறேன் என்பான். நடுவில் அந்தக் கார் நின்றது.

கார் படலையைத் தாண்டித் திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்டது. சர்... சர்... சர்...

"என்ன மனே அது?"

"மட்காட் உரசுதும்மா. இர்ஷாத் முன்னுக்கே செல்லித்தான் விட்டவன். ஒண்டுமில்ல."

கேதீஸ்வரி, முடிச்சு இருக்கிறது, முருகன் பார்த்துக்கொள்வான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

*

கார் நின்ற சீமெந்துத் தரையில் ஈரமாக ஒரு கறை இருந்தது. இடப்பக்கத்துச் சில்லு நின்ற இடம்.

மழைத் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மேலே தகரம் போட்டிருக்கிறது, ஒழுக்கு இல்லை. குனிந்து தொட்டாள். விரல் வழுக்கியது. கறையின் நடுவில் மஞ்சள் நூல் இரண்டு ஒட்டிக் கிடந்தது.

அது அவள் கட்டிய துணியின் நூல்.

"இஞ்சருங்க! இஞ்ச கொஞ்சம் வாங்க!"

சாமித்தம்பி வந்தார். தொட்டார், மணந்து பார்த்தார். காரைப்பற்றி ஒன்றும் அறியமாட்டேன் என்று வீம்பு பிடித்தவர்தான். ஆனால் மெசின் வைத்திருக்கிற மனுஷனுக்கு அந்த மணம் தெரியாமல் போகுமா?

"பிரேக் ஒயில்" என்றார். பிறகு அவருடைய பார்வை அந்த நூலில் போய் நின்றது. "இது என்ன கா?" என்று மனைவியிடம் கேட்டார்.

அவளுடைய சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போனது.

"கேதீஸ், நான் கேக்கிறன். என்ன செஞ்ச நீ?"

"திருநூறு... கட்டினன். சில்லுக்குப் பின்னால ஒரு றப்பர்க் குழாய்ல."

சாமித்தம்பி துள்ளி எழும்பினார். "அடி, அது பிரேக் குழாயடி! அகல ரயர் போட்டு ஒரு விரல் இடத்தோட நிக்கிற கார். ராவு அவன் ஓடின ஓட்டத்தில உன்ர பொட்டணம் ரயர்ல சிக்கி, இழுத்து இழுத்துக் குழாயத் தேச்சிரிக்கு. புள்ளகள் பாதைக்கெல்லோ போகுதுகள்! இறக்கத்தில பிரேக் இல்லாட்டி நேரா வாவிக்குள்ளதான்!"

அவர் போனை எடுத்து மகனின் நம்பரை அழுத்தினார். இரண்டு மாதத்தில் முதல் தடவை. மணி போனது. பிறகு வெட்டுப்பட்டது. திரும்ப எடுத்தார். திரும்பவும் வெட்டுப்பட்டது.

"வெட்டுறான் கா. நான் எண்டு கண்டு வெட்டுறான்." மகளின் நம்பரையும் அழுத்தினார், அது நிறுத்திக் கிடந்தது.

மெசினடியில் கிடந்த பிரேக் ஒயில் போத்தலையும் கொஞ்சம் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். கேதீஸ்வரி செருப்பில்லாமல் ஓடிவந்து பின்னால் ஏறினாள். அவளுடைய போன் குசினியில் அடுப்படியிலேயே கிடந்தது.

"ஒரு பக்கந்தானே கட்டின?" என்று அவர் திரும்பிக் கேட்டார்.

இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மகனுடைய முடிச்சைச் சொன்னாள், அதன் காவல் போய்விட்டது. மற்றது பிள்ளையுடையது. அதையும் வாய்விட்டுச் சொன்னால் வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகும்? அந்தப் பயத்தில் அவளுக்கு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

தலையை மட்டும் ஆட்டினாள். ஓம், ஒரு பக்கம்தான்.

*

"எடேன்டா. அப்பா ஒருநாளும் எடுக்காத ஆள்" என்றாள் வதனி.

"ஏசத்தான் எடுக்கார். உன்ன ஏத்திக்கொண்டு போறதுக்கும் ஏச்சு. அக்கரைக்குப் போய் எடுப்பம்." யதுர்ஷன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

சர்... சர்... என்ற சத்தம் திருப்பங்களில் கூடியது. மட்காட்டை வெட்டினால் சரி என்று அவன் நம்பினான். காரின் ஒவ்வொரு ஆணியையும் தெரிந்தவன்தான். தெரிந்த சத்தமாகவே அது இருந்ததுதான் அவனை ஏமாற்றிவிட்டது.

துறையடிக்கு வந்தாயிற்று. சீமெந்து இறக்கம், அதன் முடிவில் பாதை, அதற்கு அப்பால் மாரித் தண்ணீர் ஏறி மண்ணிறமாகக் கிடந்த வாவி. பாதையோட்டி கதிர்காமத்தம்பி கையைக் காட்டிக் கூப்பிட்டார். யதுர்ஷன் மெதுவாக இறக்கத்தில் விட்டுப் பிரேக்கை மிதித்தான்.

கால் அடிவரைக்கும் போனது.

திரும்ப மிதித்தான். பாதி பிடித்தது, பாதி வழுக்கியது. பாசி பிடித்த சீமெந்தில் கார் தன்பாட்டில் இறங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். பின்சில்லுகள் இறுகி, நின்றபடியே வழுக்கின.

"தம்பி! தம்பி, தண்ணிடா!"

"அக்கா, புடிச்சுக்கோ!"

வதனி இரண்டு கையாலும் வயிற்றைத்தான் பிடித்தாள். பாதையில் நின்ற சனம் கத்திக்கொண்டு ஒதுங்கியது. பாதைக்கும் துறைக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் அதற்குள் அலம்பிய தண்ணீரையும் யதுர்ஷன் கண்டான். சுக்கானை முழுதாகத் திருப்பினான். கிறீச்சென்று, பல் கூச வைக்கிற சத்தத்தோடு காரின் வயிறு சீமெந்து விளிம்பில் குந்தியது. இடப்பக்கத்து முன்சில்லு தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் தொங்கியது.

கார் நின்றுவிட்டது. ஊரே பார்த்துச் சிரித்த, நிலத்தோடு இறக்கிய அந்தப் பதிவுதான் அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியது. உயரமான காராக இருந்திருந்தால் சில்லு இறங்கி, கார் மூக்குக் குத்தி உள்ளே போயிருக்கும்.

யதுர்ஷன் சுக்கானை விடவில்லை. விட முடியவில்லை. 

"அக்கா, உனக்கு ஒண்டுமில்லையே? அக்கா, செல்லு!"

"ஒண்டுமில்லடா... புள்ள உதைக்குது" என்று சொல்லிவிட்டு வதனி விம்மி விம்மி அழுதாள்.

*

மோட்டார் சைக்கிள் வந்து நின்றபோது சனம் வதனியை வெளியே இறக்கியிருந்தது. கேதீஸ்வரி ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடித்தாள். அவள் தலையையும் முதுகையும் வயிற்றையும் மாறிமாறித் தடவினாள்.

சாமித்தம்பி மகனிடம் ஒன்றும் பேசவில்லை. நனைந்த சீமெந்தில் மல்லாந்து படுத்து, தொங்கிய சில்லுக்குப் பின்னால் பார்த்தார். யதுர்ஷனும் பக்கத்தில் முழங்காலில் குந்தினான். அவன் கைதான் முதலில் போனது. ஒயிலில் ஊறிக் கறுத்த மஞ்சள் துணியோடு கை வெளியே வந்தது.

"இத ஆரு கட்டின?"

அவன் குரல் உயரவில்லை. அதுதான் கேதீஸ்வரியை அதிகம் பயமுறுத்தியது. பிள்ளை போய்விடுவான். சொன்னபடி வீட்டைவிட்டுப் போய்விடுவான்.

"கேக்கிறன். அக்காவயும் புள்ளயயும் கொல்லப் பாத்தது ஆரு?"

"நான்தான்" என்றார் சாமித்தம்பி.

யதுர்ஷன் அவரைப் பார்த்தான். கோவிலுக்குப் போனாலும் வெளிவீதியோடு நின்றுவிடுகிற மனுஷன். நூல் கட்டுகிறவர்களைக் கண்டால் நக்கலடிக்கிறவர்.

"நீங்களா?"

"ஓம். எனக்குப் பயமா இரிந்த. நீ இதில போய்வாற நேரமெல்லாம் எனக்குப் பயம்டா." அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினார். "இப்ப என்ன செய்யச் செல்லுறாய்?"

பொய்க்குள் எவ்வளவு உண்மை இருந்தது என்பது கேதீஸ்வரிக்கு மட்டும் தெரிந்தது. யதுர்ஷன் துணியைத் தண்ணீருக்குள் வீசினான்.  பிறகு, "கம்பி கொண்டந்தீங்களா?" என்று கேட்டான்.

இரண்டு மாதத்தில் தகப்பனோடு அவன் பேசிய முதல் நல்ல வார்த்தை அது.

சனம் கயிறு கட்டி இழுத்துக் காரை மேலே ஏற்றியது. தேய்ந்த குழாயை மடித்துக் கம்பியால் இறுக்கினார்கள். ஒயிலை ஊற்றினார்கள். யதுர்ஷன் மிதித்துப் பார்த்தான். ஓரளவுக்குப் பிடித்தது.

"ஒரு பக்கந்தான் கட்டினன், மற்றச் சில்லுகளுக்குப் பிரேக் இரிக்கி. உருட்டிக்கொண்டு வீட்ட போவம்" என்றார் சாமித்தம்பி. "இஞ்ச விட்டா ஏறுற தண்ணிக்குப் பொழுதுபட முதல் கார் மூழ்கிரும். நீ புள்ளயக் கூட்டிக்கொண்டு பாதையில போ, கேதீஸ். அக்கரையில ஓட்டோ நிக்கும்."

கேதீஸ்வரி வலப்பக்கத்துச் சில்லைப் பார்த்தாள். அதற்குக் கீழே ஒரு துளியும் சொட்டவில்லை. அது பிள்ளையின் முடிச்சு, அது நிற்கும் என்று நினைத்தாள். வீடு தூரமில்லை. மெதுவாகத்தான் போகப்போகிறார்கள். அவள் தோளில் வதனி முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்திருந்தாள்.

"புள்ளத்தாச்சிய ஏத்துங்கவன், தங்கச்சி! எல்லாரும் காத்துக்கொண்டு நிக்காங்க" என்று கதிர்காமத்தம்பி கூப்பிட்டார்.

அவள் ஏறினாள்.

*

பாதை கரையை விட்டு விலகியது. சாமித்தம்பி மோட்டார் சைக்கிளை மேட்டில் விட்டுவிட்டு, காரின் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து, முழங்கால் நெஞ்சில் முட்ட உள்ளே உட்காருவதைக் கேதீஸ்வரி பார்த்தாள். அந்தக் காரில் அவர் ஏறுவது இதுதான் முதல் தடவை. வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குக் கண் நிறைந்திருக்கும்.

கார் திரும்பி, வயல் நடுவால் மேடாகப் போகிற கட்டு ரோட்டில் ஏறியது. இரண்டு பக்கமும் வயல்வட்டை முழுக்க வெள்ளம். ரோட்டையும் தண்ணீரையும் பிரிக்க ஒரு வேலிகூட இல்லை.

"அம்மா" என்றாள் வதனி. "அத அப்பா கட்டல்ல."

கேதீஸ்வரி வாவியைப் பார்த்தாள்.

"அது என்ர மஞ்சச் சாரித் துணி. நீங்கதான் என்னட்டக் கத்திரிக்கோல் வாங்கிக்கொண்டு போன. நான் பாத்துக்கொண்டுதான் இரிந்தன்." அவள் மூச்சை இழுத்தாள். "நீங்க வெட்டினது ரெண்டு துண்டம்மா."

சேலைத் தலைப்பு திரும்பவும் கேதீஸ்வரியின் வாய்க்குப் போனது.

"மற்றத் துண்டு எங்க?"

 வதனிக்குப் பதில் தேவையாக இருக்கவில்லை. அவள் கரையைப் பார்த்தாள். கார் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ அம்மா! அதிலதானே அப்பாவும் தம்பியும் போறாங்க! செல்லித் துலைக்கக்கூடாதா?"

"உன்ர புள்ளக்கிடி" என்று அவள் வாய் உடைந்தது. "வலப்பக்கம் கட்டினது உன்ர புள்ளக்கி. பொறக்குமட்டும் செல்லமாட்டன் எண்டு முருகனுக்கு நேந்திரிக்கன். செல்லி, இதுக்கு என்னவும் ஆச்செண்டா நான் என்ன செய்ய?"

வதனி தாயின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை வந்தது.

"இது இஞ்சதான் இரிக்கு. சுகமா இரிக்கு. நீங்க செல்லுங்கம்மா. இது என்ர புள்ள, நான் செல்லுறன், செல்லுங்க."

வதனியின் போன் காருக்குள் கிடந்த பையில். கதிர்காமத்தம்பியின் போனைக் கேட்டு வாங்கினாள். தம்பியின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அழுத்தித் தாயின் காதில் வைத்தாள்.

மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. தெரியாத நம்பர், எடுக்கமாட்டான் என்று கேதீஸ்வரி நினைத்தாள். தகப்பனுடையதையே வெட்டியவன். காரைக் கண்களால் தேடினாள். கட்டு ரோட்டில் மதகடி வளைவு வரைக்கும் அது போய்விட்டது. அதற்குப் பிறகு பற்றைகள் மறைத்தன.

"ஹலோ, ஆரு?"

மகன்தான். அவன் குரலுக்குப் பின்னால் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. சர்... சர்... சர்...

கேதீஸ்வரி தலைப்பை வாயிலிருந்து இழுத்து எறிந்தாள்.

"மனே, அம்மாடா! நிப்பாட்டு! காரை நிப்பாட்டு! அப்பா இல்ல, நான்தான் கட்டினன். வலப்பக்கமும் ஒண்டு இரிக்கி. ரெண்டு கட்டினன் மனே, ரெண்டு!"

அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. சர்... சர்... என்பது மட்டும் வேகமாகக் கேட்டது.

"மனே! கேக்குதா? மனே!"

சத்தம் நின்றது.

போன் வெட்டுப்படவில்லை. மகளின் வயிற்றில் ஒரு கையை வைத்தபடி, மற்றக் கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, யாராவது ஒரு சொல் பேசமாட்டார்களா என்று அவள் காத்துக்கொண்டே நின்றாள்.

(மிச்சம் அடுத்த வாரம்.)